பெருவழி ஊரும் ஒரு கடன் மனுவும்

நமது சங்கத்தின் நிர்வாக சபை சென்ற மாதம் கூடியபோது, நில அபிவிருத்திக் கடன் கோரி வந்திருந்த மனுக்களில் ஒன்று மட்டும் முடிவு காணாமல் நிறுத்திவைக்கப்பட்டது. மனுச் செய்தவர் நெடுநாளைய அங்கத்தினர். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் செலுத்தி வந்தவர். கொடுமணலை அடுத்துள்ள தம்முடைய மேட்டாங்காடு இரண்டு ஏக்கரையும் மண்வாரி இயந்திரம் வைத்துச் சமன்படுத்திச் சொட்டுநீர்க் குழாய் பதிக்க வேண்டுமென்பது அவருடைய விருப்பம். இதில் குற்றம் கூற ஒன்றுமில்லை. ஆயினும் அந்தக் காட்டின் வடபுறத்தில் மூன்று கல்வட்டங்கள் இருக்கின்றன. உருண்டைக் கற்களை வளையமாக அடுக்கி, நடுவே பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்து, இறந்தவர்களின் எலும்புகளையும் அவர்களுடைய உடைமைகளையும் வைத்து மூடிய பண்டைக் கல்லறைகள் அவை. இயந்திரம் உள்ளே இறங்கினால் அரை நாளில் மூன்றும் இருந்த இடம் தெரியாமற் போகும்.

சபையில் நெசவாளர் தரப்பு அங்கத்தினர் மனுவைத் தள்ளிவிட வேண்டுமென்றனர். பயிர்த்தொழில் தரப்பினர், தம் நிலத்தைத் தாம் திருத்திக்கொள்ளச் சங்கம் குறுக்கே நிற்பது எங்ஙனம் முறையாகும் என்று கேட்டனர். தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் காட்டுக்காரருக்குச் சட்டம் சொல்வதா என்ற கடுஞ்சொல்லும் ஒருவர் வாயினின்று வந்துவிட்டது. பத்திரிகைக்கு இதைப் பற்றி அபிப்பிராயம் உண்டா என்று பலர் நம்மைக் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அதைச் சொல்லுமுன், அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது இன்னதென்பதை அங்கத்தினர் அனைவரும் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டுமென்று கருதுகிறோம். தெரியாததைக் காப்பாற்றச் சொல்வதும் தெரியாமல் அழிப்பதும் ஏறக்குறைய ஒரே தன்மையான காரியங்களே.

கொடுமணல், நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர். இன்று அவ்வழியே செல்பவர் கிளுவை வேலிகளையும், கொழுக்கட்டைப்புல் விளையும் கொறங்காடுகளையும், அங்கங்கே மேயும் செம்மறிகளையுமே காண்பர். சேரவேந்தர்களைப் பாடும் பதிற்றுப்பத்து என்னும் சங்க நூலில் இவ்வூர் கொடுமணம் என்ற பெயரால் இரண்டு இடங்களில் குறிக்கப்படுகிறது. ஒன்று கபிலர் பாடியது. மற்றொன்று அரிசில்கிழார் பாடியது. இங்கே செய்யப்பட்ட அருமையான அணிகலன்களின் புகழ் அவற்றால் தெரியவருகிறது. நூலில் இருந்த ஊர் எதுவென்று நிலத்தில் அடையாளம் காணப்பட்டது மிகப் பிற்காலத்தில்தான். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகிய அறிஞர்களைக் கொண்டு முறையாக அகழ்ந்தனர். 2012, 2013 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ராஜன் மீண்டும் அகழ்ந்தார். அதன்பின் மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளும் அங்கே பணி செய்துள்ளன. கரித்துண்டுகளை விஞ்ஞான முறையில் ஆராய்ந்ததில் ஊரின் தொடக்கம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டளவுக்குப் போகிறது என்பது ராஜனின் முடிவு.

அங்கே கிடைத்த பொருள்களின் பட்டியலைப் படித்தால் ஒரு பெரிய தொழிற்பேட்டையின் இருப்புக் கணக்கைப் படிப்பதுபோல் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலை; அதைச் சுற்றிச் சிறிய உலைகள்; எஃகு காய்ச்சிய மண்மூசைகள். சென்னிமலைப் பக்கம் இரும்புத் தாது உண்டு என்பதை நாம் அறிவோம். மணிக்கற்களோ இன்னும் வியப்பு. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம் என்று பலவும் கிடைத்தன. முற்றுப்பெற்ற மணிகள் மட்டுமல்ல. உடைத்த கல், தேய்த்த கல், பாதித் துளை போட்டுக் கைவிட்ட கல், துளையிடும்போது பிளந்துபோன கல் என்று வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணில் கிடக்கிறது. ஒரு கல்லறையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. பச்சைக்கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. காங்கயத்தை அடுத்த படியூரில் அது கிடைத்தது. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட அங்கே ஆங்கிலேயர் ஒருவர் சுரங்கம் வைத்து நூற்றுக்கணக்கில் கல் எடுத்திருக்கிறார். காங்கயம் வட்டாரத்தில் கல் பட்டை தீட்டும் தொழில் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்பவர்க்கு விடை இம்மண்ணில் இருக்கிறது. ஆனால் சூதுபவளம் கூர்ச்சர நாட்டுச் சரக்கு. அங்கே கிடைத்த லாபிஸ் கல்லோ ஆப்கானிஸ்தானத்து மலைகளில் விளைவது. அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு கல் நொய்யல் கரைக்கு வந்து சேர்ந்ததென்றால் அதற்கு வழி வேண்டும், வழி இருந்தது.

மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டினுள் நுழைந்து, பேரூர், வெள்ளலூர் பக்கமாக நொய்யலை ஒட்டிக் கிழக்கே நடந்து, கொடுமணலைத் தொட்டுக் கரூர் சென்று, அங்கிருந்து காவிரிக் கரையோடு உறையூர்க்கும் புகார்த் துறைக்கும் சென்ற பெருவழி அது. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கும் சுவர்போல் நிற்க, இந்த ஓரிடத்தில் மட்டும் வண்டிமாடு மூச்சு வாங்காமல் கடக்கும்படி தாழ்ந்து வழிவிட்டிருக்கிறது. பிற்காலத்தில் சோழர் இவ்வழியின் ஒரு பகுதிக்கு இராசகேசரிப் பெருவழி என்று பெயரிட்டுப் பாறையில் பொறித்தனர். கோவைக்கு மேற்கே அக்கல்வெட்டு இன்றும் இருக்கிறது. இவ்வழி நெடுக உழவர் கலப்பையிலும் கிணறு வெட்டியவர் கடப்பாரையிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் உரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் தட்டுப்பட்டிருக்கின்றன. வெள்ளலூர்ப் புதையல் பேர்பெற்றது. கி.பி. 79-இல் மறைந்த உரோம நாட்டு அறிஞர் பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா விழுங்கிவிடுகிறதென்று மனம் வெதும்பி எழுதினார். அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இந்தியர் பளிங்குக்குச் சாயமேற்றிப் போலி மணி செய்யக் கற்றிருக்கிறார்கள், முக்கியமாகப் பச்சைக்கல்லில் அந்தக் கைவரிசையைக் காட்டுகிறார்கள் என்பது அவர் புகார். சாயம் போகாத துணி என்று சங்க முத்திரை குத்துவதற்கு முன் இருமுறை பார்க்க வேண்டுமென்று நாம் இப்பக்கங்களில் அடிக்கடி எழுதுவது புதிய வியாதிக்கு அன்று என்பது தெரிகிறதல்லவா?

நெசவாள அன்பர்கள் இப்போது, எல்லாம் கல்லும் இரும்புமாகவே இருக்கிறதே, நூலும் துணியும் எங்கே என்று கேட்பார்கள். கொடுமணலில் சுட்ட மண்ணாலான தக்களி வட்டுகள் கிடைத்திருக்கின்றன. நடுவே இரும்புக் கம்பி செருகியபடியே கிடைத்தவையும் உண்டு. நூல் நூற்ற கருவி நிலைத்துவிட்டது. நூற்ற நூல் நிலைக்கவில்லை. நமது மண்ணின் ஈரமும் கறையானும் பஞ்சை விட்டுவைப்பதில்லை. கல் பேசும்; இரும்பு துருப்பிடித்தேனும் பேசும்; துணி மட்டும் மௌனமாகிவிடும். அதனாலேயே பழைய வாணிகத்தைப் பற்றிப் பேசுவோர் மணியையும் மிளகையும் பேசி, நெசவை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இது நெசவாளனுக்கு நேர்ந்த அநீதி என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் துணி பேசுகிற இடம் ஒன்று உண்டு. அது இங்கே இல்லை. எகிப்து நாட்டில், செங்கடல் கரையில் பெரனிகே என்னும் பாழடைந்த துறைமுகத்தில் இருக்கிறது. மழையே காணாத மணல் அது. 1994 முதல் அமெரிக்க, டச்சு அறிஞர்கள் அங்கே அகழ்ந்தபோது, கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. கொற்றன் என்ற பெயர் தமிழ் எழுத்தில் பொறித்த பானை ஓடும் கிடைத்தது. அவற்றோடு பருத்தித் துணிக் கந்தல்களும் கிடைத்தன. கப்பற்பாய்த் துண்டுகள், நீலச்சாயம் தோய்த்து உரு விட்ட துண்டுகள் முதலியவை. இவை இந்தியத் துணிகள் என்று எப்படிக் கண்டார்கள்? முறுக்கைக் கொண்டு கண்டார்கள். எகிப்தியர் தொன்றுதொட்டு நூலை ஆங்கில எஸ் எழுத்தின் நடுக்கோடு சாய்வது போன்ற முறுக்கில் நூற்றனர். இந்தியப் பருத்தி நூலோ இஸட் எழுத்தின் சாய்வு கொண்டது. பாவிலும் ஊடையிலும் இஸட் முறுக்குள்ள பருத்தித் துணி எகிப்து மண்ணில் கிடைத்தால் அது கடல் கடந்து வந்ததென்று கொள்ளலாம். தக்களியைத் தொடையில் உருட்டும்போது கை எந்தப் பக்கம் போயிற்று என்பதை இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்! அத்துணிகள் கொங்குநாட்டில் நெய்யப்பட்டவை என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றுள் பல மேலை இந்தியத் துறைகளிலிருந்து சென்றிருத்தல் கூடும். எனினும் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழி நூல் ஒன்று அர்கரு என்னும் ஊரின் மெல்லிய துணியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அர்கரு என்பது உறையூரே என்பர். உறையூர் அகழ்வில் சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கல் தொட்டியும் வெளிப்பட்டது. அவ்வூர் நாம் சொன்ன பெருவழியின் மேல்தான் இருக்கிறது.

இனி, மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுமணலில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஆதன், கண்ணன், சம்பன், சுமணன், விசாகி என்று ஆட்பெயர்கள் அவற்றில் உள்ளன. வடபுலத்துச் சாயலுள்ள பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் ஒரே ஊரில், ஒரே எழுத்தில் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் ஓர் ஓட்டில் நிகம என்ற சொல் இருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. மதுரையை அடுத்த மாங்குளம் குகைக் கல்வெட்டிலும் வெள்ளறை நிகமத்தார் என்று வருகிறது. இதைக் கொண்டு, கூட்டுறவு இயக்கம் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்ததன்று, திரூரில் அவ்வாண்டு தொடங்கிய சங்கம் முதற்சங்கமும் அன்று, நம் முன்னோர் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சங்கம் கண்டவர்கள் என்று பேசிக் கைதட்டல் பெறுகிறார்கள்.

நமக்கு இதில் உடன்பாடில்லை. நிகமம் சரக்கு வாங்கி விற்றவர்களின் குழு. நூற்றவளும் உலை ஊதியவனும் அதில் பங்குதாரர்களாக இருந்தார்கள் என்பதற்கு அந்த ஓட்டில் ஆதாரம் இல்லை. அழகர்மலைக் குகையில் தானம் செய்தவர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உப்பு வணிகன் இருக்கிறான். கொழு வணிகன் இருக்கிறான். அறுவை வணிகன், அதாவது துணி வியாபாரி, இருக்கிறான். அவன் விற்ற துணியை நெய்தவன் இல்லை. கொழுவை விற்றவன் பெயர் கல்லில் ஏறியது; அதைப் பூட்டி உழுதவன் பெயர் ஏறவில்லை. கொடுக்கும் நிலையில் இருந்தவன் பெயரே எழுதப்படும் என்பது அக்காலத்துக்கும் பொது, இக்காலத்துக்கும் பொது. மாஸ்டர் நெசவாளரிடமும் தரகரிடமும் நூல் வாங்கி, அவர்களிடமே துணி கொடுத்துக் கூலி வாங்கிய நிலையிலிருந்து மீளத்தான் நாம் சங்கம் வைத்தோம். ஆகவே நிகமத்தை நம் பாட்டனாராக வரித்துக்கொள்வதற்கு முன் ஒரு கணம் யோசிப்பது நன்று.

அப்படியொரு முன்னோர் வேண்டுமென்றால் நாசிக்குக்குப் போகலாம். அதுவும் பழைய வாணிக வழியொன்றின் மேல் உள்ள ஊர்தான். அங்குள்ள குகையொன்றில் சுமார் 1900 ஆண்டுகளுக்கு முந்திய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நகபானன் என்னும் அரசனின் மருமகன் உசவதாதன், குகையில் தங்கும் துறவிகளின் பொருட்டு 3,000 காசு அறக்கட்டளை வைத்தான். அதை அரசுக் கருவூலத்தில் வைக்கவில்லை. கோவர்த்தனம் என்ற ஊரில் இருந்த நெசவாளர் சங்கங்களிடம் வைத்தான். ஒரு சங்கத்திடம் 2,000, மாதம் நூற்றுக்கு ஒரு காசு வட்டி. மற்றொரு சங்கத்திடம் 1,000, மாதம் நூற்றுக்கு முக்கால் காசு வட்டி. முதலை எடுக்கக்கூடாது, வட்டியை மட்டும் அனுபவிக்க வேண்டும். இரண்டாயிரத்தின் வட்டியிலிருந்து இருபது துறவிகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு காசு வீதம் ஆண்டுக்கு ஆடைச் செலவு. நமது கணக்கர் ஒருவரிடம் இதைக் காட்டினோம். மாதம் இருபது, ஆண்டுக்கு இருநூற்று நாற்பது, இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் வகுத்தால் ஒரு காசுகூட மிச்சமில்லை என்று அவர் போட்டுக் காட்டிவிட்டு, இரண்டு சங்கங்களுக்கும் வட்டி விகிதம் ஏன் வேறுபட்டது என்று கேட்டார். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அரச குடும்பத்தான் ஒருவன் தன் அறத்தை நெசவாளரின் நாணயத்தின் மேல் நிறுத்தினான் என்பதை மட்டும் சொல்கிறது. இவ்வளவும் நமக்குத் தெரியவருவது அதைக் கல்லில் வெட்டி வைத்ததனாலும், அக்கல்லை யாரும் பெயர்த்து வேலிக்குக் கொண்டுபோகாததனாலும்தான்.

இனி நம் காட்டுக்கு வருவோம். மனுச் செய்த அங்கத்தினரின் நிலத்தை நேரில் பார்த்து வந்தோம். அவருடைய தந்தையார் எண்பது வயதைக் கடந்தவர். கட்டிலிலிருந்து எழுந்து கோலூன்றி நம்முடன் நடந்து வந்தார். கல்வட்டங்களை அவர் பாண்டியன் குழி என்றே சொல்கிறார். "ஏனுங்க, கல்லை எடுத்தாத்தானுங்களே ஏரு ஓடும்? எங்கப்பாரு காலத்துல இன்னும் ரெண்டு இருந்துச்சுங்க. கெணத்துக்குக் கட்டடங் கட்ட ஒண்ணு போச்சு, வேலிக்கு ஒண்ணு போச்சு. உள்ள என்ன இருந்துச்சுன்னு ஆருங்க பாத்தாங்க?" என்றார். அவர் சொன்னதில் மறைப்பு ஒன்றுமில்லை, வருத்தமும் ஒன்றுமில்லை. வறண்ட மேட்டுநிலத்தில் ஒரு குடும்பம் பிழைத்து வந்த வரலாறு அது. நாமும் அவ்விடத்தில் இருந்திருந்தால் அதையே செய்திருப்போம்.

நெசவாளர் தரப்பில் இம்மனுவைக் கடுமையாகப் பேசிய அன்பர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். அந்தக் காட்டிலிருந்து பார்த்தால் நொய்யல் தெரிகிறது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கிற்று. பயிருக்கு நீர் வேண்டுமென்று அணை கேட்டவர்களே, அந்த நீர் எங்களுக்கு வேண்டாம் என்று மனுக்கொடுக்கும்படி ஆயிற்று. கிணறுகள் உப்பாயின, தென்னை கருகியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவை முற்றும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிடும்வரை போயிற்று அவ்வழக்கு. பட்டறை வேறு, கைத்தறி வேறு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் துணித்தொழில் ஆற்றுக்குச் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த உழவர், துணித்தொழில் செய்பவர் வந்து பழமையைக் காப்பாற்று என்று உபதேசிக்கும்போது முகம் சுளிப்பது இயல்பே. சொட்டுநீர்க் குழாய்க்கு அவர் கடன் கேட்பதே ஆறும் கிணறும் கைவிட்டதனால்தான்.

உழவர் தரப்பில் உள்ள அச்சங்களுள் சில அச்சங்கள் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறோம். பானையோ காசோ கிடைத்தது என்று சொன்னால் நிலத்தையே சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று எண்ணிப் பலர் வாய்திறப்பதில்லை. புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி, மறைப்பது குற்றம். பழைய உரிமையாளர் எவரும் இல்லையென்று தீர்ந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கும் நிலத்துக்குடையவருக்கு நாலில் ஒரு பங்கும் என்று அச்சட்டம் கூறுகிறது. சர்க்கார் தானே வைத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். நிலத்தைப் பறிக்கும் பேச்சே அதில் இல்லை. இன்னொன்று: மத்திய சர்க்காரால் பாதுகாக்கப்பட்ட இடமென்று அறிவிக்கப்பட்டால் உழவே கூடாது என்றொரு வதந்தி. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தில், அத்தகைய இடத்திலும் ஓரடி ஆழத்துக்கு மேற்படாமல் உழுது பயிரிடுவதற்குத் தடையில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. கம்புக்கும் எள்ளுக்கும் ஓரடி போதாதா? வீடு கட்டுவதற்குத்தான் சுற்றிலும் நூறு மீட்டர்வரை தடை. அது மெய்யான இடைஞ்சலே. அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் நம் அங்கத்தினரின் காடு அப்படி அறிவிக்கப்பட்ட இடமும் அன்று. ஆகவே அவர் வேலையைத் தொடங்கிவிட்டால் எந்த அதிகாரியும் வந்து நிற்கப் போவதில்லை. இது முழுக்க முழுக்க நம் சங்கத்தின் யோசனைக்கு விடப்பட்ட விஷயம். அதனால்தான் நாம் இவ்வளவு எழுதுகிறோம்.

நமது அபிப்பிராயம் இதுவே. மனுவைத் தள்ளுவது தவறு. உள்ளது உள்ளபடி ஏற்பதும் தவறு. மூன்று கல்வட்டங்களையும் நாம் அளந்தோம். ஒவ்வொன்றும் முப்பதடிக்கு உட்பட்ட விட்டம். சுற்றிலும் இயந்திரம் நெருங்காமல் இடம் விட்டு நாற்பதடிச் சதுரமாகக் கணக்கிட்டால் ஒன்றுக்கு நாலு சென்ட்டுக்கு உள்ளாகவே வருகிறது. மூன்றுக்கும் சேர்த்துப் பதினொரு சென்ட். இருநூறு சென்ட்டில் பதினொன்று! இதற்காகவா சபையில் தறிக்குழியையும் காட்டையும் இழுத்து அவ்வளவு பேச்சு? பதினொரு சென்ட்டை விட்டு மற்ற நிலத்தைச் சமன்படுத்தக் கடன் முழுமையும் வழங்கலாம். விட்ட நிலத்தில் கொழுக்கட்டைப்புல் தானே வளரும், குட்டியாடு மேயலாம், அந்த இடம் பாழ் என்று ஆகிவிடாது. விட்டதனால் அவருக்கு ஏற்படும் நஷ்டத்தின் பொருட்டு, கடன் தீரும்வரை வட்டியில் இருபதில் ஒரு பங்கைச் சங்கத்தின் பொது நன்மை நிதி ஏற்கட்டும். அந்நிதியில் நெசவாளர் பங்கும் இருக்கிறது. காப்பாற்று என்று சொன்னவர்கள் அதற்காகச் சிறிது கொடுத்தவர்களாகவும் ஆவார்கள்.

இந்த ஒரு மனுவோடு இது நிற்காது என்பதையும் உணர்ந்திருக்கிறோம். நம் எல்லையில் இன்னும் எத்தனை காடுகளில் எத்தனை வட்டங்கள் உள்ளன என்பதற்கு நம்மிடம் பட்டியல் இல்லை. பயிர்க்கடன் மனுவோடு நிலவிவரம் எழுதி வாங்கும் நமது குமாஸ்தாக்கள், கிணறு உண்டா, மரம் உண்டா என்று கேட்பதுபோல், கல்வட்டம் உண்டா, பானை ஓடு கிடக்கும் மேடு உண்டா என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால் இரண்டு பருவத்துக்குள் பட்டியல் தயாராகிவிடும். எந்தச் சர்வே இலாகாவும் இவ்வளவு மலிவாக இதைச் செய்ய முடியாது. அகழ்வாராய்ச்சிக்கு நிலம் விடும் அங்கத்தினர்க்கு ஒரு பருவப் பயிரின் மதிப்பைக் குழி தோண்டுமுன்பே கொடுத்துவிட வேண்டும், வேலை முடிந்தபின் மேல்மண்ணை மேலாகவே இட்டு மூடவேண்டும் என்று தொல்லியல் துறையாருக்குச் சங்கத்தின் பேரால் விண்ணப்பம் அனுப்பலாம். 2025-ஆம் ஆண்டு மாநில வரவு-செலவுத் திட்டத்தில், கொடுமணல் முதலிய இடங்களின் பொருள்களை வைக்க ஈரோட்டில் நொய்யல் அருங்காட்சியகம் 22 கோடி ரூபாயில் அமைக்கப்படுமென்று அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. எனினும் தன் காட்டிலிருந்து போன மணியைப் பார்க்க ஓர் உழவர் ஈரோடு பஸ் ஏற வேண்டியிருக்கும். சங்கக் கட்டிடத்தின் கிழக்கு அறை நூல் கிடங்கு மாறியபின் காலியாகவே கிடக்கிறது. அதில் நாலு கண்ணாடிப் பெட்டி வைத்து, பெரிய மதிப்பில்லாத ஓடுகளையும் தக்களி வட்டுகளையும் துறையாரிடம் கேட்டுப் பெற்று வைக்கலாம் என்று சொன்னால், கிடங்கு அறைக்கு வாடகை வரும் வழியை முதலில் பாருங்கள் என்கிறார் நமது பொருளாளர். அவரோடு இதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடன் மனு வருகிற மகாசபைக் கூட்டத்தில் நான்காவது விஷயமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று காரியதரிசி அறிவித்திருக்கிறார். மனுதாரர், சபை முடிவு சொல்லும்வரை இயந்திரத்தை வரவேண்டாமென்று நிறுத்திவைத்திருக்கிறார். மழைக்கு முன் நிலம் திருந்தவேண்டும் என்பதால் அவருக்கு அதிக நாள் பொறுக்க இயலாது. தரப்பு எதுவாயினும் அங்கத்தினர் அனைவரும் அன்று வந்திருந்து கைதூக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். காட்டைப் பார்க்க விரும்புவோர் அதற்கு முந்திய ஞாயிறன்று காலை சங்க அலுவலகத்துக்கு வந்தால், நமது வண்டியில் ஏழெட்டுப் பேருக்கு இடமிருக்கிறது.